குண்டாற்றுக்கு எடுத்துப் போன இரண்டு லென்ஸ்

நவம்பர் 11, செவ்வாய். விருதுநகர்.

காலையிலிருந்து தூறல். மேற்கே இருட்டு. துவைத்த சட்டை காயவில்லை.

ஆசிரியர் போன். பெண் பஞ்சாயத்துத் தலைவர்கள் பதவிக்கு வந்து ஒரு வருஷம் ஆயிற்று. ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரை, ஒரே ஒரு படம். "முகம் பேசணும் வே" என்றார். போட்டோகிராபர் கிடையாது. நானே எழுதி நானே எடுக்க வேண்டும். வழக்கம்தான்.

போக வேண்டிய ஊர் மு.பட்டி. திருச்சுழிக்குக் கிழக்கே, குண்டாற்றங்கரை. தலைவர் பெயர் பஞ்சவர்ணம். அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் பத்து வருஷம் வேலை பார்த்தவராம். மூன்று நாள், மிஞ்சினால் நான்கு.

லென்ஸ் நான்கையும் கட்டிலில் பரப்பினேன். போன வருஷம் சைக்கிளிலிருந்து விழுந்தபின் இடது தோள் சொன்னபடி கேட்பதில்லை. மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர். மனைவி சரோஜா பழைய பேப்பர்காரரிடம் கொக்கித் தராசு வாங்கி வந்து பையைத் தொங்கவிட்டாள். நாலேமுக்கால் கிலோ.

"ஊருக்குப் போறீகளா, குடி போறீகளா? என்னத்தைத்தான் அள்ளி வச்சிருக்கீக?"

அள்ளி வைத்தது:
கேமரா, ஒன்று. ஓரமெல்லாம் கறுப்பு போய்ப் பித்தளை தெரிகிறது.
28 லென்ஸ். அகலம். சின்ன அறை, கூட்டம், வானம்.
50.
105. முகத்துக்கு.
80–200 ஜூம். இது மட்டும் ஒன்றரைக் கிலோ.
ஃபிலிம்: கறுப்பு-வெள்ளை நான்கு, கலர் ஒன்று.
நோட்டு, பேனா இரண்டு, பிளாஸ்டிக் பை (மழைக்கு), தோள் தைலம்.

ஜூம் முதலில் வெளியே. அது தேர்தல் மேடைக்கும் கலவரத்துக்கும். தள்ளி நின்று எடுக்க. ஒரு அம்மாளைப் பார்த்துப் பேசப் போகிறவனுக்கு எதற்கு?

அடுத்தது 50-ஆ 28-ஆ. அரைமணி நேரம் இதிலேயே போயிற்று. 50 கண்ணுக்குத் தெரிவதை அப்படியே காட்டும், கூட்டாது, குறைக்காது. அதற்குத்தான் கண் இருக்கிறதே. 28 இருந்தால் கண்ணுக்கு எட்டாத அகலம் கிடைக்கும், 105 இருந்தால் கண்ணுக்கு எட்டாத நெருக்கம் கிடைக்கும். 50 வேண்டாம்.

ஜூமும் ஐம்பதும் பீரோவில், சரோஜாவின் பட்டுச்சேலைகளுக்கு நடுவே. மறுபடி தராசு. இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

"இப்பத்தான் மனுசன் தூக்குற மாதிரி இருக்கு" என்றாள். வரும்போது குழம்புக்கு நாட்டு மல்லி ஒரு கிலோ வாங்கி வர வேண்டும். அது எடையில் சேராதாம்.


நவம்பர் 12, புதன். மு.பட்டி.

7.10 பஸ். பாலவனத்தத்தில் நிற்க இடமில்லாத கூட்டம். பின்சீட்டில் இரண்டு பேர்:

"திருமங்கலம் பக்கம் கொட்டுதாம்லே."

"அங்க கொட்டுனா நமக்கென்ன? நமக்கு மண்வாசம் மட்டுந்தான் வரும்."

அருப்புக்கோட்டையில் இறங்கி வேறு பஸ். ஊரைத் தாண்டியதும் வெளி திறந்துகொண்டது. கரிசல், நடுநடுவே உடைமரம், அப்புறம் மறுபடி கரிசல். இந்தப் பக்கம் முப்பது வருஷமாக வந்துபோகிறேன். வறட்சி எழுத வருவேன், குடத்தோடு மறியல் செய்தால் எழுத வருவேன். இந்த வானத்தின் அளவைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. 28-ஐ மாட்டி ஜன்னல் வழியே பார்த்தேன். அதிலும் அடங்கவில்லை.

திருச்சுழியில் சாக்குக்கடை அண்ணாச்சி. மல்லியும் வத்தலும் வாங்கி விற்கிறவர். கடை முகப்பில் எஸ்.டி.டி. பூத். நான் போகிற ஊரைச் சொன்னதும் சிரித்தார்.

"அந்தம்மாவா? எங்கிட்ட நானூறு பழஞ்சாக்கு கேட்டிருக்கு. ஆத்துக்கே வேட்டி கட்டிவிடப் போகுதாம்."

வேட்டி கட்டுவது என்றால் கொரம்பு போடுவது. போய்ப் பார்த்த பிறகுதான் எனக்கும் முழுதாக விளங்கியது. குண்டாறு வருஷத்தில் பத்து நாள் ஓடினால் அதிகம். மற்ற நாளெல்லாம் வெறும் மணல். மேலே எங்கோ மழை பெய்து தண்ணீர் வந்தால் அது ஊரைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போய்விடும். அதை மறித்து, வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குத் திருப்ப வேண்டும். அதற்காக ஆற்றின் குறுக்கே மணலும் முள்ளும் சாக்கும் வைத்துக் கட்டுகிற தற்காலிக மறிப்புதான் கொரம்பு. பெருவெள்ளம் வந்தால் உடைந்து போகும். அதற்குள் கண்மாய்க்கு எவ்வளவு போகிறதோ அவ்வளவுதான் அந்த வருஷத்து நெல்.

மு.பட்டிக் கண்மாயில் மூன்று வருஷமாகத் தண்ணீர் இல்லை.

தலைவரை ஆபீசில் தேடினேன், பூட்டியிருந்தது. ஆற்றில் இருந்தார். சேலையை இழுத்துச் செருகி, தலையில் துண்டு, கையில் மம்பட்டி. நாற்பதுக்குள் இருக்கும். சுற்றிலும் நூறு பேருக்கு மேல்.

"பேப்பரா? வாங்க சார். படமெல்லாம் தண்ணி வந்த பெறகு எடுத்துக்கோங்க. இப்ப என் மூஞ்சியில மண்ணுதான் இருக்கு."

பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுக்கை. தைலம் போட்டேன். வலி பரவாயில்லை.


நவம்பர் 13, வியாழன்.

இங்கே வெயில். மேற்கே மட்டும் மேகம்.

நாள் முழுக்க ஆற்றில். வீட்டுக்கு ஓராள் வர வேண்டும் என்பது ஊர்க் கட்டு. வராத வீட்டுக்கு அபராதம் கிடையாது. கண்மாய்த் தண்ணீர் பாய்ச்சும்போது அந்த வீட்டு வயலுக்குக் கடைசி முறை. அபராதத்தை விட இது உறைக்கிறது. காய்ச்சலோடு ஒருவர் வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். "ஆள் கணக்குக்கு வந்தேன்."

கொரம்பு எப்போதும் போடுகிற இடத்தில் போடவில்லை. பழைய இடத்தில் வரத்துக்காலின் வாய் மண்ணேறி, ஆற்றை விட உயரமாகிவிட்டது. மூன்று வருஷமாகத் தண்ணீர் ஏறாததற்கு அதுதான் காரணம் என்று பஞ்சவர்ணம் சொல்லியிருக்கிறார். இருநூறு அடி மேலே புது வாய் வெட்டி, அங்கே கொரம்பு. ஆண்கள் சிரித்திருக்கிறார்கள். அவர் விடவில்லை. பத்து நாளாகக் கூலிவேலைக்குக்கூடப் போகாமல் ஊரே இந்த மணலில் கிடக்கிறது, அவர் பேச்சை நம்பி.

அதிகம் சிரித்தவர் வேலுச்சாமி. போன தலைவர். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் நிற்க முடியாமல் போனவர். ஆனால் வேலைக்கு முதல் ஆளாக வருகிறார்.

"எங்க அப்பன், பாட்டனெல்லாம் கிறுக்கனுகளா, கீழ போட்டதுக்கு? மில்லுல நூல் சுத்துன புத்தி, ஆத்தையும் சுத்திப் பாக்குது."

பஞ்சவர்ணம் குனிந்த தலை நிமிராமல்: "அண்ணே, பேச்சு இங்க இருக்கு, மண்ணுச்சட்டி அங்க இருக்கு. சட்டிய எடுங்க."

105-ல் அவரைப் பிடிக்கப் பார்த்தேன். நிற்பதே இல்லை. நான் ஃபோகஸ் திருப்புவதற்குள் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார். பதினாலு படம், ஒன்றுகூடத் தேறாது. மாலையில் கரையில் உட்கார்ந்து கால் முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது பேச்சுக் கிடைத்தது. அப்படியே எழுதுகிறேன்.

"தண்ணி கம்மாயில ஏறுச்சுன்னா நான் தலைவர் சார். ஏறலைன்னா அடுத்த வருசம் வீட்டுக்கு ஓராள்னு நான் கூப்பிட்டா நாயி கூட வராது. நாலு வருசம் கையெழுத்துப் போட்டுக்கிட்டு பொம்மை மாதிரி உக்காந்திருக்கணும். வீட்டுக்காரரு லோடு ஏத்தப் போறவரு, அவரைக் கேட்டா, பழையபடி மில்லுக்கே போயிருங்காரு."

கொரம்பில் இன்னும் இருபதடி பாக்கி. சாக்கு வந்துசேரவில்லை.


நவம்பர் 14, வெள்ளி.

மணி ஐந்தரை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை 8.30: சாக்குக்கடை அண்ணாச்சியிடமிருந்து சைக்கிளில் ஆள். மேலே பாலத்தில் தண்ணீர் வந்துவிட்டதாகப் போன். பாலத்தில் பார்த்தால் பொழுது சாயத்தான் இங்கே வரும் என்பது ஊர்க் கணக்கு. சாக்கு டிராக்டரில் வருகிறது, மதியத்துக்குள் வந்துவிடும்.

12.30: மற்ற பக்கமெல்லாம் இடுப்பளவு எழும்பியாயிற்று. நடுவில் இருபதடி மட்டும் திறந்தபடி. யாரும் காலையில் சாப்பிடவில்லை. நான் 28-ஐ மாட்டி, கரையிலிருந்து கரைவரை ஆட்களையும் கொரம்பையும் ஒரே படத்தில் அடக்கிக்கொண்டிருந்தேன்.

12.40: பஞ்சவர்ணம் மேல்பக்கம் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். ஆறு திரும்புகிற இடத்தில், பனைகளுக்குக் கீழே, ஒரு கறுப்புக் கோடு. நிழலா, ஈர மணலா, தெரியவில்லை. என்னிடம் வந்தார்.

"சார், அந்தக் குழாயைக் குடுங்க. கிட்டக்க காட்டும்ல?"

கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் வைத்த விதம், கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தை எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கேமராவில் இருப்பது 28 என்று ஞாபகம் இல்லை. 28 எதையும் கிட்டே காட்டாது. இருப்பதையும் தள்ளி வைக்கும்.

"ஒண்ணுமே இல்லையே. வெறும் மணலுதான். இதுலயே இம்புட்டுத் தூரத்துல தெரியுதுன்னா..." திரும்பி, சத்தமாக: "எல்லாரும் போயிக் கஞ்சி குடிச்சிட்டு வாங்க! சாக்கு வந்ததும் அடைச்சிருவோம்!"

எல்லாரும் போனார்கள். ஊர் அரை மைல். அவரும் பெண்கள் ஆறேழு பேரும் மட்டும் மிச்சம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இப்போது நிதானமாக முகத்தை எடுக்கலாம். 28-ஐக் கழற்றி 105-ஐ மாட்டினேன்.

12.55: பழக்கத்தில், ஃபோகஸ் பார்க்க, லென்ஸைத் தூரத்துப் பனைகளுக்குத் திருப்பினேன். கோடு இரண்டு பனைகளைத் தாண்டியிருந்தது. நகர்ந்துகொண்டிருந்தது.

என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பஞ்சவர்ணம் என் முகத்தைத்தான் பார்த்தார், ஆற்றைப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து சாக்கு டிராக்டர் கரைமேல் வந்தது. அவர் கத்தினார்: "ஹாரனை அமுக்குப்பா! கையை எடுக்காத!" டிரைவர் எடுக்கவில்லை. அந்தச் சத்தம் இன்னும் காதில்.

1.05: தண்ணீர்.

இதை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை. நான் வெள்ளம் பார்த்திருக்கிறேன். வெள்ளம் என்றால் வந்து முடிந்த பிறகு பார்ப்பது. வருவதைப் பார்த்ததில்லை. சுவர் மாதிரி எழும்பி வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதலில் வந்தது எறும்பு. மணல்மேல் கறுப்புப் பட்டையாக, முட்டைகளைத் தூக்கிக்கொண்டு. பிறகு மரவட்டை, வண்டு, ஒரு தேள், இரண்டு ஓணான். ஒன்றை ஒன்று தொடாமல் ஒரே திசையில். அவற்றுக்குப் பின்னால் ஒரு வாசம். பின்னால் ஒரு சத்தம், காய்ந்த எண்ணெயில் வடகம் போட்ட மாதிரி. மணலுக்குள் இருந்த காற்றெல்லாம் குமிழியாக வெளியே வருகிறது. அதற்கும் பின்னால்தான் தண்ணீரின் தலை. பழுப்பு நுரை, சருகு, சாணி, உடைமரக் காய், ஒரு ரப்பர் செருப்பு. நடை பழகுகிற குழந்தையின் வேகம். பள்ளம் வந்தால் நிற்கிறது. நிறைக்கிறது. யோசிக்கிற மாதிரி ஒரு கணம். பிறகு ஒரு விரலை நீட்டி அடுத்த மணலைத் தொடுகிறது.

"செருப்பைக் கழட்டுங்க சார்!" ஒரு அம்மா என்னை அதட்டினார். புதுத் தண்ணீர் வரும்போது ஆற்றுக்குள் செருப்போடு நிற்கக் கூடாது. கழற்றினேன். பெண்கள் குலவை போட்டார்கள். ஏழு பேர் குலவைதான், இரண்டு கரையும் நிறைந்தது. குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நானும். வெதுவெதுப்பாக இருந்தது. உயிருள்ளதைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டேன்.

105 ஒரு மீட்டருக்குள் இருப்பதைப் பார்க்காது. தண்ணீர் என் கால் பெருவிரலில். மறுபடி 28. மண்டியிட்டு, மணலோடு மணலாக வைத்து, பதினோரு படம். ஜூம் கொண்டுவந்திருந்தால் கரைமேல் நின்றிருப்பேன். இதைப் பார்த்திருக்க மாட்டேன்.

தலை போன பிறகு உடம்பு வந்தது. கணுக்கால், ஐந்தே நிமிஷத்தில் முழங்கால். திறந்த இருபதடியில் பாயத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் ஆண்கள் ஓடி வந்தார்கள். வேலுச்சாமியின் வலது கையில் முழங்கைவரை மோர்ச்சோறு. கழுவவில்லை. இழுப்புக்கு நடுவில் போய் முதுகைக் கொடுத்து நின்றார். இரண்டு வரிசையாக ஆட்கள் கை கோத்து நிற்க, நடுவில் முள்கட்டு, மேலே சாக்கு. பஞ்சவர்ணம் எல்லோர் பெயரையும் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு பெயர் விடவில்லை. மணலில் கட்டியிருந்தால் கால் மணி வேலை. ஓடுகிற தண்ணீரில், கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிற மாதிரி.

1.50: அடைத்தாயிற்று.

2.10: தண்ணீர் நின்றது. ஏறியது. அப்புறம் மெதுவாக, எருமை தலையைத் திருப்புகிற மாதிரி, ஆறு திரும்பியது. புது வாய்க்குள் நுழைந்தது. ஒரு ஆறு திரும்புவதைப் பார்த்தேன். எனக்கு ஐம்பத்தி நாலு வயது. வேலுச்சாமி அழுதார். யாரையும் பார்க்காமல், சோற்றுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

5.05: கொரம்பு உடைந்தது. அது உடையத்தான் செய்யும் என்றார்கள். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்தது அந்த இருபதடிதான்.


நவம்பர் 15, சனி.

நேற்றுப் பொழுது சாயும்போதே தவளைச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. மூன்று வருஷம் காய்ந்து கிடந்த கண்மாய். அதில் ஆயிரம் தவளை. இத்தனை நாள் எங்கே இருந்தன? ஒருவரிடம் கேட்டேன். "எங்களை மாதிரித்தான், உள்ள கெடந்துச்சு."

காலை ஆறு மணி, கண்மாய்க் கரை. விடிகிற வானம் முழுக்கத் தண்ணீரில். அதற்குள் கொக்கு, நாரை, பெயர் தெரியாத சின்னப் பறவைகள். தண்ணீர் வந்த செய்தி இவற்றுக்கு யார் போன் போட்டது? 28-ல் எட்டுப் படம்.

பிறகு கண் தெளிந்து பார்த்தேன். பாதிக் கண்மாய்தான். நடுமடைக் கல்லில் பழைய ஆட்கள் வெட்டி வைத்த கோடுகள் இருக்கின்றன. தண்ணீர் இரண்டாவது கோட்டில். நிறைகண்மாய் என்றால் ஐந்தாவது. கடைமடை வயல்களுக்கு இந்த வருஷமும் எட்டாது.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்து வாசலில் ஊர்க் கூட்டம். சந்தோஷம்தான். ஆனாலும் கடைமடைக்காரர் ஒருவர் எழுந்து, அடைப்பு ஏன் உடைந்தது என்று கேட்டார். வேலுச்சாமி காத்திருந்த மாதிரி:

"தண்ணி வாசலுக்கு வந்த நேரத்துல பந்தி போடச் சொன்ன தலைவியை என் ஆயுசுல நான் கண்டதில்லப்பா."

பஞ்சவர்ணம்: "நான்தான் தூரத்தைத் தப்பாக் கணிச்சிட்டேன். எங்கணக்குத் தப்பு."

கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குக் காரணம் தெரியாது. தன் கண்தான் தவறியது என்று நம்புகிறார். எனக்குத் தெரியும். வராந்தாவில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஊர்க் கூட்டத்தில் நிருபன் வாய் திறக்கக் கூடாது. திறந்ததும் இல்லை. குறிப்பெடுப்பதுதான் வேலை. "எங்கணக்குத் தப்பு" என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்தேன். எழுந்தேன்.

"தப்பு அவுக மேல இல்ல. என் மேல" என்றேன். 28 என்ன செய்யும் என்று சொன்னேன். பதினைந்து நிமிஷம் என்று கணக்கையும் சொன்னேன்.

வேலுச்சாமி கை நீட்டினார். "குடுங்க, பாப்போம்." 28-ல் பார்த்தார். கழற்றி 105-ஐ மாட்டிக் கொடுத்தேன். பார்த்தார். மறுபடி 28 கேட்டார். "ஏலே, இது களவாணிக் கண்ணாடில்லா!" அவ்வளவுதான், ஊரே வரிசையில் நின்றது. ஒரு பெண்: "இதுல எங்க வீட்டுக்காரரு எம்புட்டுத் தூரத்துல நிக்காரு! சார், எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் போங்க." சிரிப்பு அடங்க வெகுநேரம்.

கடைமடைக்காரர் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவுமில்லை. அது சரிதான்.

பஞ்சவர்ணமும் சிரிக்கவில்லை. அவர் முறை வந்தபோது, 28 வழியாகக் கண்மாய்ப் பக்கம் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏன் சார் நேத்தே எங்கிட்டச் சொல்லல?"

"பயம்."

"ம்." பிறகு: "காலையில கம்மாயப் படம் எடுத்தீகளே, எதுல எடுத்தீக?"

"இதுலதான்."

"அப்பப் பேப்பர்ல கம்மா கடல் மாதிரி தெரியும்."

தெரியும். இந்தப் பாதிக் கண்மாய் எட்டுப் படத்திலும் சமுத்திரம். எனக்கு அது காலையிலேயே தெரியும். தெரிந்துதான் எட்டு எடுத்தேன்.

"ஆத்துல கல்லுல தடுப்புக் கட்டித் தாங்கன்னு மனு குடுத்திருக்கோம் சார். சாக்கு அடைப்பு நிக்காதுன்னு. நீங்க கடலைக் காமிச்சா, தண்ணிதான் தளும்புதே, கல்லு எதுக்குன்னு மனுவைத் தூக்கிப் போட்ருவாக. அந்த இன்னொண்ணுல எடுத்தா?"

105-ல் எடுத்தால் எதிர்க்கரை பக்கத்தில் வந்துவிடும். குட்டை மாதிரி தெரியும். வேலை வீண் என்று ஆகும்.

"அப்ப உள்ளதை உள்ளபடி காட்டுறது இல்லையா உங்ககிட்ட?"

இருக்கிறது. விருதுநகரில், பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு நடுவில். போன் செய்து பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னால் நாளை மதியம் வரும். ஃபிலிம் காலை பஸ்ஸில் போயாக வேண்டும்.

மாலை. தோள் வலி அதிகம். மல்லி வாங்கவில்லை.


நவம்பர் 16, ஞாயிறு.

5.50. மூடுபனி மாதிரி ஈரம். பள்ளிக்கூடத்து வாசலில் பஞ்சவர்ணம். மஞ்சள் சேலை, தலை சீவிப் பூ வைத்து.

"படம் எடுக்கணும்னீகளே. வாங்க."

கண்மாய்க்குத்தான் போனார். கரையில் நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால், தொடை, இடுப்பு. நடுமடைக் கல்லை ஒட்டிப் போய்த் திரும்பி நின்றார். நாரைகள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி உட்கார்ந்தன.

105-ஐ மாட்டினேன். முகம் வந்தது. இரண்டு நாளாக நான் துரத்திய முகம். கல் வந்தது. கல்லில் இரண்டாவது கோடு, அதில் தண்ணீர், அதில் அவர் இடுப்பு. மேலே கல் நெடுகிலும் காய்ந்து கிடந்தது. மூன்றாவது கோடு, நான்காவது.

அவர் வலது கையைத் தூக்கினார். தலைக்கு மேலே, எட்டுகிற மட்டும், குதிகாலை எக்கி, ஐந்தாவது கோட்டில் விரலை வைத்தார். கைவளையலிலிருந்து தண்ணீர் சொட்டி மறுபடி கண்மாயில் விழுந்தது.

"சார்," என்று அங்கிருந்து கேட்டார். "வராத தண்ணி தெரியுதா?"

தெரிந்தது. அமுக்கினேன். ஒரு தடவைதான்.

6.40 பஸ். ஃபிலிமைக் கண்டக்டரிடம்.